புகையைக் கழுவும் கோபுரம்: விரிதாளில் ஒரு மாதிரி

யாழ்ப்பாணத்தில் கேத்தலின் அடியில் படிந்த வெள்ளைப் படிவைச் சுரண்டாத வீடு குறைவு. கிணற்று நீரில் கரைந்து வரும் சுண்ணாம்புக்கல்தான் அது. காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை எழுந்ததும் இந்தக் கல்லை நம்பித்தான். இதே கல்லை மாவாக அரைத்து, நீரில் கலக்கி, ஒரு கோபுரத்துக்குள் மழைபோலத் தெளித்தால், கீழிருந்து ஏறும் ஆலைப் புகையிலுள்ள கந்தகவீரொட்சைட்டு (SO₂) என்ற நச்சு வாயு பிடிபடும். எவ்வளவு பிடிபடும் என்று கணிக்க ஒரு விரிதாள் போதும்.

முதலில் வரவு. மணிக்கு 1000 கிலோகிராம் உலை எண்ணெய் எரிகிறது, அதில் 2 சதவீதம் கந்தகம் என்று வைப்போம். அப்படியானால் கந்தகம் 20 கிலோகிராம். கந்தகத்தின் அணுத்திணிவு 32, கந்தகவீரொட்சைட்டின் மூலக்கூற்றுத் திணிவு 64. எனவே வாயு 40 கிலோகிராம். புகை ஏறக்குறைய 13,000 கன மீற்றர் என்றால், ஒரு கன மீற்றரில் சுமார் 3000 மில்லிகிராம். இதை முதல் கட்டத்தில் எழுதுங்கள்.

இனிக் கோபுரத்தைக் குழற்பிட்டுப்போல வில்லை வில்லையாக வெட்டுங்கள். ஒவ்வொரு வில்லையும் தனக்குள் வரும் வாயுவில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடிக்கிறது என்பது எடுகோள். ஆகவே அடுத்த கட்டம், முந்தையதை 0.8 ஆல் பெருக்கியது. சூத்திரத்தைப் பத்து நிரைகளுக்குக் கீழே இழுங்கள்: 2400, 1920, 1536... பத்தாவதில் 322.

இந்த நிரலைச் சற்று உற்றுப் பாருங்கள். முதல் வில்லை 600 மில்லிகிராமைப் பிடித்தது; பத்தாவதோ வெறும் 81. 90 சதவீதத்தைத் தாண்ட 11 வில்லைகள் போதும். 99 சதவீதத்துக்கு 21 வேண்டும். கடைசி ஒன்பது சதவீதத்துக்காகக் கோபுரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கணக்கு எழுதும் வரை இதை நானும் நம்பவில்லை.

0.8 வானத்திலிருந்து விழுந்த எண் அன்று. துளிகள் சிறிதானால் தொடுபரப்புக் கூடும், எண் குறையும். புகை இரட்டை வேகத்தில் ஏறினால், மற்றவை மாறாதபோது, பத்து வில்லைகள் ஐந்தின் வேலையையே செய்யும்: 983 மில்லிகிராம் தப்பிவிடும். உண்மையான ஆலைக்கு இந்த எண்ணைக் கோபுரத்தின் இரு முனைகளிலும் அளந்தே பெற வேண்டும்.

அடுத்து கல்லின் கணக்கு. 64 கிலோகிராம் வாயுவுக்கு 100 கிலோகிராம் கல்சியம் காபனேற்று செலவாகி, காற்றிலுள்ள ஒட்சிசனும் நீரும் சேர, 172 கிலோகிராம் ஜிப்சம் கிடைக்கும். மணிக்கு வரும் 40 கிலோகிராமில் 90 சதவீதத்தை, அதாவது 36 கிலோகிராமைப் பிடித்தால், கல் 56, ஜிப்சம் 97. கூடவே 25 கிலோகிராம் காபனீரொட்சைட்டும் வெளியேறும். பலர் இதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

கடைசி நிரலுக்குக் 'கழிவுநீர்' என்று தலைப்பிடுங்கள். சுழலும் நீரில் குளோரைட்டும் உலோகங்களும் சேர்ந்துகொண்டே போவதால், ஒரு பகுதியை வெளியேற்றியே ஆக வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டில், வெடிப்பும் துளையுமான அதே கல்லின் வழியே அது கிணற்றுக்கு இறங்கிவிடும். எத்தனை லீற்றர், எங்கே போகிறது என்று இரண்டையும் அந்த நிரலில் நிரப்புங்கள்.