தேவை எங்கே, தம்பி?

காரைக்குடியில் ஆய்வு மாணவர்கள் எழுதிவரும் மனிதவளக் கணிப்புகளைத் திருத்திக் கொடுக்கிறேன். வருங்காலத்தில் நாட்டுக்கு எத்தனை விஞ்ஞானிகள், பொறியாளர்கள் கிடைப்பார்கள் என்பதுதான் பெரும்பாலும் தலைப்பு. கூட்டல் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றைக் கணினியே காட்டிக்கொடுக்கும். கணினிக்குத் தெரியாத, நான் திருத்த வேண்டிய தவறுகள் இவை.

படித்து வருபவர்களை மட்டும் பார்த்துப் பஞ்சம் என்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ஒரு பிரிவு, 22 வயதினரின் எண்ணிக்கை சரிவதைக் கவனித்தது. அவர்களில் அறிவியல், பொறியியல் பட்டம் பெறுவோரின் விகிதத்தை வைத்துப் பெருக்கியது. பழைய அளவிலிருந்து குறையும் பட்டங்களை ஆண்டுதோறும் கூட்டி, 2006-க்குள் 6,75,000 பேர் குறைவார்கள் என்றது. எத்தனை வேலை இருக்கும் என்று யாரும் பார்க்கவில்லை. பனிப்போர் முடிந்தது, ராணுவத் தளவாட ஆலைகள் ஆட்களைக் குறைத்தன, முனைவர் பட்டம் வாங்கியவர்கள் வேலைக்கு அலைந்தார்கள். 1992-இல் அந்நாட்டு நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று இந்தக் கணிப்பைக் கூண்டில் ஏற்றியது.

அண்மையில் ஒரு மாணவர் அதே கணக்கைத் தமிழ்நாட்டுக்குப் போட்டு வந்தார். பிறப்பு விகிதம் சரிகிறது, ஆகவே பொறியாளர் பஞ்சம். அட்டவணையில் தேவைக்கான பத்தி காலி. "தேவை எங்கே, தம்பி?" என்றேன். "தரவு கிடைக்கவில்லை, ஐயா." அப்படியானால் பஞ்சம் என்று மட்டும் எப்படித் தெரிந்தது? புதிதாகச் சேருபவரின் சம்பளத்தையாவது பார்த்திருக்கலாம். ஆளுக்கு உண்மையிலேயே தட்டுப்பாடு என்றால் அது ஏறியிருக்கும்.

பட்டத்தை எண்ணிவிட்டு ஆளை எண்ணியதாக நினைப்பது

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் பில் போடும் இளைஞர் இயந்திரப் பொறியியல் படித்தவர். கல்லூரிக் கணக்கில் அவரும் பொறியாளர்தான். மணமான ஒவ்வொரு தம்பதியையும் ஊரில் ஒரு புள்ளியாக எண்ணும் நகரத்தார் புள்ளிக் கணக்கைப் பாருங்கள்: புள்ளி ஊரில் இருக்கும், வீடு பூட்டியிருக்கும், ஆள் சிங்கப்பூரில் இருப்பார்.

நேர்கோடு இழுப்பது

இன்றைய போக்கு அப்படியே நீளும் என்று நினைக்கிறார்கள். ஆனால் சம்பளம் ஏறுவதைப் பார்த்துப் பொறியியல் படிப்பில் சேருபவர் நான்கு ஆண்டு கழித்தே வெளியே வருகிறார். எல்லோரும் ஒன்றாக வந்தால் சம்பளம் இறங்குகிறது. அடுத்து வருபவர்கள் ஒதுங்குகிறார்கள். பொறியாளர் சந்தையின் இந்த ஏற்ற இறக்கத்தை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1976-லேயே காட்டிவிட்டார்.

எல்லாத் துறையையும் ஒன்றாகக் கூட்டுவது

இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரிக்கு மின்வேதியியல் ஆள் வேண்டுமென்றால், ஆயிரம் கணினிப் பட்டதாரிகள் இருந்தும் பயனில்லை.

ஒற்றை எண்ணைத் தருவது

குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் இல்லாத தாளை நான் திருத்துவதில்லை.