பேனரில் யார் பெயர் முதலில்? நாலு சங்கம் சேர்ந்து பிபி, சர்க்கரை முகாம் நடத்துவது எப்படி

வடசென்னையில், காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டைக்குப் போகிற வழியில் எங்கள் தெரு. ஒரு ஃபுட்பால் கிளப், ஒரு கோயில் திருவிழாக் குழு, ஒரு சர்ச் இளைஞர் அணி, ஒரு ஜமாத், மூன்று மகளிர் சுய உதவிக் குழுக்கள், ஹவுசிங் போர்டு குடியிருப்போர் சங்கம் என்று எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எல்லாரிடமும் ஆள் பலம் உண்டு, ஸ்பீக்கர் செட் உண்டு. ஒருத்தரோடு ஒருத்தர் பேச்சுதான் கிடையாது.

நான் ஃபுட்பால் கிளப் ஆள். இதுவரை மூன்று முகாம் நடத்தியிருக்கிறோம். முதலாவது படுதோல்வி. இரண்டாவது பார்வைக்கு மட்டும் வெற்றி. மூன்றாவதுதான் உருப்படி. நீங்களாவது நேராக மூன்றாவதிலிருந்து ஆரம்பியுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். பந்தல், நாற்காலி, குடிதண்ணீர் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற ஊருக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா என்ன?

படி 1: முதலில் ஆரம்ப சுகாதார நிலையம்

சங்கங்களிடம் பேசுவதற்கு முன்பே உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். நாங்கள் போகவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையைக் கூப்பிட்டோம். வேன் வந்தது, பரிசோதனை செய்தார்கள், எல்லாருடைய போன் நம்பரையும் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு மாதம், ‘ஸ்கேன் பேக்கேஜ் இருக்கு, வரீங்களா’ என்று தினமும் போன். தெருவில் திட்டு வாங்கியது நாங்கள்.

மருத்துவ அலுவலரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். பிபி, சர்க்கரை நோயாளிகளை எந்தக் கிழமை பார்க்கிறீர்கள்? நாங்கள் சிட்டு எழுதி அனுப்பினால் எந்த நர்ஸ் வாங்கிக்கொள்வார்? எங்கள் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் யார்? மூன்றாவது கேள்விதான் தங்கம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், வீடு தேடி வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுக்கிற பெண்கள் பெரும்பாலும் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். நாங்கள் ஆள் தேடி ஊரெல்லாம் அலைந்தோம். கடைசியில் பார்த்தால் அந்த அக்கா எங்கள் கிளப்புக்கு இரண்டு பிளாக் தள்ளித்தான் இருக்கிறார்.

கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் ஒரு நகல். தண்டையார்பேட்டை நாலாவது மண்டலம், ராயபுரம் ஐந்தாவது. எல்லையில் இருப்பவர்கள் வீட்டு வரி ரசீதில் மண்டல எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் ஒரு நடை மிச்சம்.

படி 2: பேனர் (இங்கேதான் நாங்கள் கவிழ்ந்தோம்)

முதல் கூட்டம் டீக்கடை பின்பக்கம். முகாம் நடத்தலாமா என்றதற்குப் பத்து நிமிடத்தில் எல்லாரும் சரி என்றார்கள். பேனரில் யார் பெயர் முதலில் வரும் என்பதற்கு இரண்டு மணி நேரம். ‘நாங்கதான் இங்க மூத்தவங்க’ என்றது திருவிழாக் குழு. ‘இடம் எங்களுது’ என்றது குடியிருப்போர் சங்கம். ‘ஐடியா எங்களுது’ என்றோம் நாங்கள். முடிவே எடுக்காமல் கலைந்தோம்.

அன்று ராத்திரி நான் ஒரு வேலை செய்தேன். டிசைனர் தம்பி ஒருவனை வைத்து பேனர் போட்டு, எங்கள் கிளப் பெயரைக் கொஞ்சம், கொஞ்சம்தான், பெரிதாக வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். விடிவதற்குள் இரண்டு சங்கம் விலகிவிட்டன. இன்னொரு கூத்து, மகளிர் குழுக்களின் பெயரையே நான் போடவில்லை. மறந்துவிட்டேன். நோட்டீஸ் கொடுக்க வீடு வீடாக ஏறி இறங்கியது அவர்கள்தான். முகாம் அன்றைக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஆறு பேர் எங்கள் டீம்.

அடுத்த கூட்டத்தில் ஒரு குழுத் தலைவி அக்கா சொன்னதுதான் தீர்வு: ‘பேனரே வேணாம்னு வெச்சா இன்னாடா கொறஞ்சிடும்?’

வைக்கவில்லை, ஒன்றும் குறையவில்லை. டியூஷன் சென்டரிலிருந்து ஒரு கரும்பலகை வாங்கித் தெருமுனையில் சாய்த்தோம். தேதி, நேரம், இடம், ‘சாப்பிட்டுவிட்டே வரலாம்’. அவ்வளவுதான். பேனருக்கு அனுமதி வாங்க அலைகிற வேலையும் இல்லை. 2019-ல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் உயிர் போன விபத்துக்குப் பிறகும் சாலையோரம் பேனர் கட்ட உங்களுக்கு மனசு வந்தால், அது உங்கள் பாடு.

அறிவிப்பை அவரவர் வாயாலேயே செய்ய விடுங்கள். ஜும்மா தொழுகை முடிந்து ஜமாத்தில் சொன்னார்கள், ஞாயிறு பூசையில் ஃபாதர் சொன்னார், சாயங்காலம் கோயில் ஸ்பீக்கரிலும் சொன்னார்கள். மூன்று இடத்திலும் ‘நம்ம நடத்துற முகாம்’ என்றுதான் சொன்னார்களாம். நாங்கள் வாயே திறக்கவில்லை.

பணத்தை மகளிர் குழுவிடம் கொடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. வாரா வாரம் சேமிப்புக் கணக்கு எழுதுகிறவர்கள் அவர்கள். நாற்பது ரூபாய் ஐஸ் வாட்டருக்கும் ரசீது கேட்டார்கள். அப்புறம் கணக்கைப் பற்றி எந்தச் சங்கமும் மூச்சு விடவில்லை.

படி 3: நாள், நேரம்

ஊரெங்கும் ஞாயிறு காலை வைப்பார்கள். காசிமேடு பக்கம் அது வேலைக்கு ஆகாது. வாரத்தில் மீன் வியாபாரம் சூடு பிடிக்கிறதே அன்றைக்குத்தான். யாருக்குப் பரிசோதனை அவசியமோ அந்தப் பெண்கள் கூடையோடு போயிருப்பார்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஆண்கள் கரையில் இருக்கிற காலம் அதுதான். வெயில் கொளுத்தும், அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வையுங்கள்.

தண்ணி லாரி வரும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் முதல் முகாமில் கையில் பிபி பட்டையோடு ஒரு அக்கா குடத்தைத் தேடி எழுந்து ஓடினார்.

படி 4: மேஜை வரிசை

பதிவு, உட்காரும் இடம், பிபி, கை கழுவும் இடம், சர்க்கரை, டாக்டர், நோட்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மெஷின் வாங்குவதானால் மேற்கையில் கட்டுகிற டிஜிட்டல் வகை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது எனக்குப் பிடிக்காது, கை கொஞ்சம் தாழ்ந்தாலே கணக்கு மாறும். பெரிய அளவு பட்டை ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள். மூட்டை தூக்குகிற அண்ணன்களின் புஜத்துக்குச் சாதாரணப் பட்டை பற்றாது. பற்றாத பட்டையை இழுத்துக் கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும். மூன்று மாடி இறங்கி வந்தவரை உடனே பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். முன் அரை மணியில் டீ, பீடி கூடாது.

இப்போது சர்க்கரைப் பொங்கல் கதை. இரண்டாவது முகாமில் திருவிழாக் குழு ஆசையாக வாசலிலேயே தொன்னையில் பொங்கல் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் மெஷின் 280, 310 என்று காட்ட ஆரம்பித்தது. ஒரு மீன்கார ஆயா சண்டைக்கே வந்துவிட்டார்: ‘டீல கூட சக்கர போட மாட்டேன் நைனா, எனக்கு எங்கேந்து வந்துது?’ நர்ஸ் அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். நகத்தோரம் வெல்லம் பளபளத்தது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இன்னொரு விரலில் எடுத்தால் 118. ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை தடவினோமே என்றால் அது போதாது. சோப்பு, ஒரு டிரம் தண்ணீர், சுத்தமான துணி மூன்றையும் சர்க்கரை மேஜைக்கு முன்னாலேயே வைத்துவிடுங்கள். பொங்கலை வெளியே போகிற வழியில் கொடுங்கள்.

சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் இருக்கும் டப்பாவை ஒவ்வொரு தடவையும் உடனே மூடவும், கடல் காற்று ஈரம் அதைக் கெடுத்துவிடும். ஊசி ஒருவருக்கு ஒன்று. போட்ட ஊசியைக் குப்பைப் பையில் எறியாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நர்ஸ் எடுத்துப் போக முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

யாருக்குச் சிட்டு? பிபி 140/90-ஐத் தொட்டாலோ, சர்க்கரை 140-ஐத் தாண்டினாலோ சிட்டு. சர்க்கரை 200-க்கு மேல் போனால் அதே வாரம் போகச் சொல்லுங்கள். பிபி 180/120-க்கு மேல் இருந்து, நெஞ்சுவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல் ஏதாவது ஒன்று சேர்ந்திருந்தால் பேச்சே வேண்டாம், 108. எங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். நீங்களாக ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். ‘இந்தா, என் மாத்திரை ஒண்ணு போட்டுக்கோ’ என்று பக்கத்து நாற்காலியிலிருந்து வரும் உதவியையும் தடுக்க வேண்டியிருக்கும்.

படி 5: நோட்டு

இரண்டாவது முகாமுக்குக் கூட்டமான கூட்டம். முப்பத்திநாலு பேருக்குச் சிட்டு கொடுத்தோம், போட்டோ எடுத்தோம், பிரியாணி சாப்பிட்டோம். ஒரு மாதம் கழித்து சுகாதார நிலையத்தில் விசாரித்தால் ஐந்தே பேர் போயிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ‘அங்க போய் ஒக்காந்தா அர நாள் கூலி போச்சு, நீ தருவியா?’ என்றார் ஒரு அண்ணன். நியாயம்தானே?

அதன் பிறகுதான் நீளவாக்கு நோட்டில் ஒரு கடைசிக் கட்டம் சேர்த்தோம்: ‘யார் பொறுப்பு’. அந்தக் கட்டத்தில் சங்கத்தின் பெயரை எழுதாதீர்கள், ஆளின் பெயரை எழுதுங்கள். ‘ஜமாத் பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். மாடியில் குடியிருக்கிற பாயின் பெயரை எழுதினால் அவர் படியிறங்கும்போதெல்லாம் கேட்பார். பொறுப்பாளர் இரண்டு வாரத்துக்குள் ஒரு தடவை கூடவே போக வேண்டும். எங்கள் கோல்கீப்பர் ஆட்டோ ஓட்டுகிறான், நடக்க முடியாதவர்கள் அவன் கணக்கு. மாத்திரை தொடர்ந்து வேண்டும் என்று டாக்டர் எழுதியவர்களின் பட்டியலை மக்களைத் தேடி மருத்துவம் அக்காவிடம் கொடுத்துவிடுகிறோம். மூன்றாவது முகாமில் நாற்பத்தொரு சிட்டு, இருபத்தொன்பது பேர் போய்விட்டார்கள்.

கூகுள் ஃபார்ம், எக்செல் எல்லாம் வேண்டவே வேண்டாம். நோட்டு என்றால் அந்தக் குழுத் தலைவி அக்காவும் திறப்பார். ஃபார்ம் என்றால் நான் மட்டும்தான் திறப்பேன், நானும் திறக்க மாட்டேன்.

பின்சேர்க்கை: கமெண்ட்டில் வந்தவை

வியாசர்பாடியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர்கள் தெருவில் யாரோ நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டார்களாம். பெண் பார்க்க வருகிறவர்கள் வரைக்கும் விஷயம் போய், பெரிய சண்டை. இதை நான் யோசிக்கவே இல்லை. இப்போது பரிசோதனை மேஜையில் டோக்கன் எண் மட்டும்தான். பெயர் உள்ள நோட்டு அக்காவின் பீரோவில்.

டிபி பரிசோதனையும் சேர்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வரிசையில் வைத்து ‘இருமல் இருக்கா’ என்று சத்தமாகக் கேட்காதீர்கள், மறைத்துவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவரை டாக்டர் மேஜையில் தனியாகக் கேட்டு, சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1000. இதைச் சொன்னால் பாதித் தயக்கம் போகிறது.

கட்சிக்காரர்கள் வந்தால்? நாற்காலி கொடுங்கள், டீ கொடுங்கள், மைக் கொடுக்காதீர்கள். நாங்கள் மைக்கே வைப்பதில்லை.

நாலாவது முகாம் வருகிற தடைக்காலத்தில். கரும்பலகை தயார். சாக்பீஸ்தான் வாங்க வேண்டும். போன தடவை மிச்சம் இருந்ததைப் பசங்க இடித்து கேரம் போர்டில் கொட்டிவிட்டார்கள்.