படிவத்தை நிரப்பியது யார்? பெண்கள் சொந்தமாக வெளியிடும் பாடல் பதிவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1902-இல் கல்கத்தாவில் கிராமஃபோன் கம்பெனிக்காகப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் "என் பெயர் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி, அதையும் சேர்த்தே பதிவாக்கினார். இசைத்தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹனோவர் நகரில். அங்கே லேபிள் ஒட்டுகிறவருக்குக் குரல் யாருடையது என்று தெரிய வேண்டுமே என்பதற்காக அந்த ஏற்பாடு. இன்று சென்னையிலோ மதுரையிலோ சொந்தச் செலவில் பாடிப் பதிவு செய்யும் பெண்ணுக்கு ஹனோவர் வரை போக வேண்டியதில்லை. இணைய வினியோக நிறுவனம் ஒன்றின் படிவத்தை நிரப்பினால், அவருடைய பாடல் சில நாட்களில் ஸ்பாடிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் எல்லாவற்றிலும் ஏறிவிடும். ஆனால் அந்தப் படிவத்தைப் பெரும்பாலும் அவர் நிரப்புவதில்லை. ஸ்டூடியோக்காரரோ, இசையமைத்தவரோ, கணினி தெரிந்த தம்பியோ நிரப்புகிறார்கள். பாட்டு வெளியான பிறகு எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த அரைமணி நேரத்தில் விதைக்கப்பட்டவையே.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

வினியோக நிறுவனத்தைப் பொறுத்தவரை, கணக்கைத் தொடங்கியவரே அந்தப் பதிவின் உரிமையாளர். பணம் அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் போகும். நல்லெண்ணத்தில் தன் மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கிய ஒலிப்பதிவாளர் நாளை வேறு ஊருக்குப் போகலாம், மனத்தாங்கல் வரலாம், கடவுச்சொல்லையே மறந்துவிடலாம். அப்போது பாடியவர் தம் பாட்டை நீக்கவும் முடியாமல், திருத்தவும் முடியாமல், எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்க்கவும் முடியாமல் நிற்கிறார். படிவத்தை வேறொருவர் தட்டச்சு செய்வதில் தவறில்லை. மின்னஞ்சல், கைபேசி எண், வங்கிக் கணக்கு மூன்றும் பாடியவருடையதாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

இதோடு ஒட்டியே இன்னொரு கவனக்குறைவு வருகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் 12 எழுத்து-எண் அடையாளம் வழங்கப்படுகிறது. பிற்பாடு வேறு வினியோகருக்கு மாறும்போது அதே எண்ணையும் அதே ஒலிக்கோப்பையும் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும். அந்த எண்ணை ஒரு நோட்டில்கூட எழுதி வைக்காமல், முழுத் தரத்திலான வேவ் கோப்பையும் ஸ்டூடியோவின் கணினியிலேயே விட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த எம்.பி.3-ஐ மட்டும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் பலர். பதிவு முடிந்த அன்றே முழுத்தரக் கோப்பையும், முடிந்தால் குரல், மிருதங்கம், வயலின் எனப் பிரித்த தடங்களையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் வாங்கி வந்துவிடுவது நல்லது.

ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர் யார் என்பதற்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தரும் விடை பலருக்கு வியப்பளிக்கும். பாடியவர் அல்லர், அதன் தயாரிப்பாளர். அதாவது அந்தப் பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர். சொந்தச் செலவில் பதிவு செய்யும் பெண்ணே தயாரிப்பாளர் என்பது தெளிவு. ஆனால் "நமக்குள் என்ன பணம்" என்று ஸ்டூடியோ வாடகையை வாங்க மறுத்த நண்பர், பாட்டு பரவிய பிறகு "தயாரித்தது நான்தான்" என்று சொன்னால், மறுப்பதற்குக் கையில் ஒரு தாளும் இருக்காது. ஆகவே சிறு தொகையானாலும் கொடுத்து ரசீது வாங்குவதும், ஒரு பக்க ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திடுவதும் உறவைக் கெடுக்கிற செயல்கள் என்று கருத வேண்டாம். உறவு நன்றாக இருக்கும்போதுதான் அவற்றைச் செய்ய முடியும்.

எதிர்ப்பக்கத் தவறு, ஏதோ ஒரு நிறுவனம் நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்திடுவது. சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். வாய்ச்சொல்லில் போன உரிமை உண்மையில் போகவில்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் ஆறுதல். "எக்காலத்துக்கும், உலகமெங்கும்" என்ற சொற்களுக்குக் கீழே கையெழுத்திட்டவருக்கு அந்த ஆறுதல் கிடையாது. அப்படியிருந்தும், 2012-இல் வந்த திருத்தத்தால், ஒலிப்பதிவில் இடம்பெற்ற பாடலை எழுதியவரும் மெட்டமைத்தவரும் தம் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் அது செல்லாது.

ஒரே குரல், நான்கு பெயர்

பெயர் விஷயத்தில் ஆண்களுக்கு இல்லாத சங்கடம் தமிழ்ப் பெண்களுக்கு உண்டு. திருமணத்துக்கு முன் அப்பாவின் முன்னெழுத்து, பின் கணவரின் முன்னெழுத்து, பான் அட்டையில் ஒன்று, வங்கியில் ஒன்று. இதற்கு மேல் ஆங்கில எழுத்துக்கூட்டல். ஒரு விஜயலட்சுமியை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம் என்று எண்ணிப் பார்த்தால் கைவிரல்கள் போதா. இசைத்தளங்களின் இயந்திரத்துக்கு ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் ஒரு தனி மனிதர். முதல் பாட்டு ஒரு பெயரிலும் அடுத்த பாட்டு இன்னொரு பெயரிலும் ஏறினால், கேட்பவர்கள் இரண்டு பக்கங்களாகப் பிரிந்துவிடுகிறார்கள். ப்ரியா, வித்யா போன்ற பெயர்களில் இதற்கு நேர்மாறான விபத்து நேர்கிறது. அதே பெயருடைய வேறொருவரின் பக்கத்தில் உங்கள் பாட்டு போய் உட்கார்ந்துவிடும்.

மேடைப் பெயர் ஒன்றைத் தேர்ந்து, அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் முடிவு செய்து, புள்ளி வைக்கிற இடம் உட்பட எங்கும் மாற்றாமல் எழுதுவதே இதற்கு வழி. முதல் பாட்டை ஏற்றும் முன் அந்தப் பெயரை ஒவ்வொரு தளத்திலும் தேடிப் பார்த்துவிட வேண்டும். மேடைப் பெயர் என்னவாக இருந்தாலும், பணம் வாங்கும் கணக்கின் பெயர் பான் அட்டையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தாமல் போனால் பணம் வழியிலேயே நின்றுவிடும். அமெரிக்க வினியோக நிறுவனமானால் டபிள்யூ-8 பென் என்ற வரிப் படிவத்தையும் தவறாமல் நிரப்ப வேண்டும். அதை நிரப்பாதவரின் அமெரிக்க வருமானத்தில் 30 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படலாம். இந்திய-அமெரிக்க வரி உடன்படிக்கையின் பயனைக் கோரினால் ராயல்டிக்கு அது 15 விழுக்காடாகக் குறையும்.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

பழைய பாட்டானால் யாருக்கும் சொந்தமில்லை என்ற நினைப்பும், நான் பாடினால் எனக்கே சொந்தம் என்ற நினைப்பும் ஒரே அளவு பிழையானவை. இந்தியாவில் பாடலின் பதிப்புரிமை இயற்றியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். 1847-இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளை யாரும் பாடி வெளியிடலாம். பாரதியின் பாடல்களை 1949-இல் சென்னை மாகாண அரசு வாங்கிப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. ஆனால் பாரதியின் வரிகளுக்கு ஒரு திரைப்பட இசையமைப்பாளர் போட்ட மெட்டு பொதுச்சொத்து ஆகாது. வரிகள் இலவசம் என்பதால் அந்த மெட்டிலேயே பாடி ஏற்றிவிட்டு, யூடியூபில் உரிமைக் கோரல் வந்ததும் திகைப்பவர்கள் உண்டு. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார் என்பதால் அவருடைய பாடல்களுக்கு 2033 முடியும்வரையும், 1989-இல் மறைந்த அம்புஜம் கிருஷ்ணாவின் பாடல்களுக்கு 2049 முடியும்வரையும் உரிமை உண்டு. கச்சேரிகளில் பெண்கள் விரும்பிப் பாடும் அம்புஜம் கிருஷ்ணாவின் பாடல்களை அனுமதி பெறாமல் வெளியிடுவது, ஒரு பெண்ணின் படைப்புரிமையை இன்னொரு பெண்ணே தெரியாமல் மீறுவதாகும்.

திரைப்பாடல்களை மறுபடி பாடி வெளியிடுவதற்குச் சட்டத்தில் 31சி என்றொரு பிரிவு இருக்கிறது. அசல் பதிவு வெளிவந்து 5 ஆண்டு கழிய வேண்டும், முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான ராயல்டியைக் கட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் நிபந்தனைகள். கேசட் கம்பெனிகளுக்கு ஏற்ற சட்டை அது; வீட்டில் பாடி இணையத்தில் ஏற்றுகிற ஒருவருக்குப் பொருந்தாது. உரிமையாளரிடம் நேரடியாக அனுமதி பெறுங்கள், இல்லையேல் சொந்தப் பாட்டைப் பாடுங்கள் என்பதுதான் என் யோசனை.

நாட்டுப்புறப் பாடல்களில் நடப்பது இதைவிட வருத்தத்துக்குரியது. நடவுப்பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் பெண்கள் வாய்வழி வந்தவை. ஊருக்குப் போய் ஒரு பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்து, "மரபுப் பாடல்" என்று தலைப்பிட்டு, பாட்டியின் பெயரை எங்கும் குறிக்காமல் வெளியிடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. பாட்டு மரபுடையதாக இருக்கலாம். அதைப் பாடிய குரல் மரபுடையதன்று. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு, வணிகப் பயன்பாட்டில் ராயல்டி கேட்கும் உரிமையும் உண்டு. பதிவு செய்கிறவரும் ஒரு பெண் என்பதால் இந்தக் கடன் குறைந்துவிடாது.

உங்கள் ஒலி பிறர் காணொளிகளில் வந்தால் தானே கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூபின் கன்டென்ட் ஐ.டி. வசதியை ஆசைப்பட்டு உடனே இயக்கிவிடுவதும் வேண்டாம். இணையத்தில் வாங்கிய, ஆயிரம் பேர் பயன்படுத்தும் தாளத் துண்டோ தம்பூரா ஒலியோ உங்கள் பதிவில் இருந்தால், அது அந்த வசதிக்குத் தகுதியற்றது. அதே ஒலியைப் பயன்படுத்திய மற்றவர்களின் காணொளிகளையெல்லாம் உங்கள் பெயரில் இயந்திரம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

வினியோகர் எல்லாப் பணத்தையும் வசூலித்துத் தருவார் என்று நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு சொல். பொதுவாக அவர் தருவது ஒலிப்பதிவுக்கான பங்கு மட்டுமே. எழுதியவர், மெட்டமைத்தவர் என்ற முறையில் வருவதைப் பெற ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிலும், பாடகர் என்ற முறையில் வருவதைப் பெற இஸாம்ரா அமைப்பிலும் தனித்தனியே உறுப்பினராக வேண்டும். தாமே எழுதி, மெட்டமைத்து, பாடும் பெண்கள் இரண்டிலும் சேரலாம்.

மார்கழி பிறந்த பிறகு திருப்பாவை

ஆண்டாளின் 30 பாசுரங்களையும் அழகாகப் பாடிப் பதிவு செய்துவிட்டு, டிசம்பர் 16-ஆம் தேதி காலையில் படிவத்தைத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். வினியோகரின் சரிபார்ப்புக்கு நாட்கள் ஆகும். அட்டைப்படத்தில் எழுத்து மங்கலாக இருந்தாலே திருப்பி அனுப்புவார்கள். கூடவே கிறிஸ்துமஸ் விடுமுறையும் வரும். பாதிப் பாசுரம் போன பிறகு வெளியாகும் பதிவை அடுத்த மார்கழி வரை யார் தேடப் போகிறார்கள்? ஸ்பாடிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாடலைப் பரிந்துரைக்கும் வசதி வெளியீட்டுக்கு முன்புதான் உண்டு. பின்தொடர்வோருக்குப் போகும் புதுப்பாடல் பட்டியலில் நீங்கள் தேர்ந்த பாடலே இடம்பெற, குறைந்தது 7 நாட்கள் முன்னதாகப் பரிந்துரைக்க வேண்டும். நான்கு வாரம் முன்பே கோப்பைக் கொடுத்துவிட்டால் இவை எல்லாவற்றுக்கும் இடமிருக்கும். மார்கழிக்கு நவம்பர் நடு, நவராத்திரிக்கு ஆவணி என்று வைத்துக்கொள்ளலாம்.

விளம்பரத்துக்குச் செலவிடும் பணத்தில் மிக வீணானது, "இத்தனை ஆயிரம் கொடுங்கள், ஒரு லட்சம் கேட்பு காட்டுகிறோம்" என்பவர்களுக்குக் கொடுப்பது. 2024 முதல் ஸ்பாடிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் ராயல்டி உண்டு என்பதால், சிறியவர்களுக்கு இந்த வலையில் விழும் ஆசை கூடியிருக்கிறது. அதே ஆண்டிலிருந்து போலிக் கேட்புக்கு வினியோகர்களிடம் ஸ்பாடிஃபை அபராதம் வசூலிக்கிறது. அதை அவர்கள் பாடியவரின் தலையில் இறக்குவார்கள், பாட்டையும் நீக்கிவிடுவார்கள்.

இதற்கு மாறான வழியை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கப் பெண்கள் காட்டியிருக்கிறார்கள். 1973-இல் தொடங்கிய ஒலிவியா ரெக்கார்ட்ஸ், பெண்களே நடத்திய இசை நிறுவனம். பெரிய கம்பெனிகளின் கடைகளை நம்பாமல், ஊருக்கு ஊர் பெண் வினியோகர்களைக் கொண்டு, கச்சேரி மேடை ஓரத்திலும் பெண்ணிய நூற்கடைகளிலும் தட்டுகளை விற்றார்கள். 1976-இல் வட கரோலினாவில் தொடங்கிய லேடிஸ்லிப்பர், பெண்களின் பதிவுகளைத் தொகுத்துத் தபால்வழிப் பட்டியலாக வீடுகளுக்கு அனுப்பியது. யார் வாங்குகிறார்கள் என்ற முகவரிப் பட்டியல் விற்பவரின் கையிலேயே இருந்தது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. இன்று அந்தப் பட்டியல் தளங்களின் கையில் இருக்கிறது. மார்ச் 8 அன்று மட்டும் நினைத்துக்கொண்டு பெண்கள் தினப் பட்டியலில் சேர்க்கும் தளத்தை நம்புவதைவிட, கச்சேரிக்கு வந்த நாற்பது பேரின் தொடர்பைக் கேட்டு வாங்குவது மேல்.

ஆனால் அதைத் தம் சொந்தக் கைபேசி எண்ணில் செய்வது பெண்களுக்கு வேறுவிதமான தொல்லை. வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியல் வேலை செய்ய வேண்டுமானால் கேட்பவர்கள் உங்கள் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும், யு.பி.ஐ. முகவரியிலும் பல சமயம் எண்ணே இருக்கும், தபாலில் சி.டி. அனுப்பினால் வீட்டு முகவரி உறையில் போய்விடும். இசைக்கென்று ஒரு தனி சிம், எண் இல்லாத யு.பி.ஐ. முகவரி, தபால் நிலையத்தில் ஒரு அஞ்சல் பெட்டி ஆகியவற்றுக்கு ஆகும் செலவைப் பதிவுச் செலவின் பகுதியாகவே கணக்கிட வேண்டும். நள்ளிரவு அழைப்புகள் தொடங்கிய பிறகு எண்ணை மாற்றினால் நல்ல ரசிகர்களும் போய்விடுவார்கள்.

ஆண்டுச் சந்தா முறையில் இயங்கும் வினியோகரிடம் சந்தா தவறினால் பாட்டு இறங்கிவிடக்கூடும். வங்கி அட்டை காலாவதியானதைக் கவனிக்காமல் இப்படி இழந்தவர்கள் உண்டு. கச்சேரி வாசலில் சி.டி.க்குப் பதிலாகக் கியூ.ஆர். அட்டை விற்பவர்களும் இதேபோல் ஏமாறுகிறார்கள். இலவசமாகக் கியூ.ஆர். செய்து தரும் சில தளங்கள் சில வாரங்கள் கழித்து அந்தக் குறியைச் செயலிழக்கச் செய்துவிடும். 500 அட்டை அச்சடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை. உங்கள் பக்கத்தின் முகவரியையே நேரடியாகக் குறியாக்கி, இரண்டு மூன்று கைபேசிகளில் சோதித்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். அட்டையின் பின்புறம் காலியாகத்தானே இருக்கிறது. அதில் எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர் ஆகியோரின் பெயர்களை அச்சிடலாம்.