தமிழ் உடைந்து தெரிகிறதா? கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பது எப்படி

‘என் ஆப்பில் தமிழ் சரியாக வரவில்லை’ என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பினால் யாராலும் உருப்படியாக உதவ முடியாது. கேள்விக்குறியாக வருவதற்குக் காரணம் வேறு, கட்டமாக வருவதற்குக் காரணம் வேறு, கொம்பு இடம் மாறி நிற்பதற்குக் காரணம் வேறு. டேட்டாபேஸில் இருக்கும் கோளாறுக்கு ஃபான்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். எது எங்கே உடைகிறது என்று பிரித்தறிந்துவிட்டால், பெரும்பாலும் ஒன்றிரண்டு வரி மாற்றத்தில் வேலை முடிந்துவிடும்.

முதலில் எண்களை அச்சிடுங்கள்

திரையில் தெரியும் வடிவத்தை நம்ப வேண்டாம். ஸ்ட்ரிங்கில் (நிரல் உரையை வைத்திருக்கும் வடிவம்) உண்மையில் இருப்பது யூனிகோட் எண்கள்தான், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஒதுக்கிய பொது எண்கள். பைத்தானில் ஒவ்வோர் எழுத்தையும் ‘ஆர்ட்’ செயற்கூறுக்குக் கொடுத்தால் அந்த எண் வரும், ஜாவாஸ்கிரிப்டில் ‘கோட்பாயின்ட்அட்’. ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் 2980, 2990, 3007, 2996, 3021 என்று வர வேண்டும்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. தமிழுக்கு ஒதுக்கிய முதன்மைப் பகுதி 2944 முதல் 3071 வரை. அதற்கு வெளியே ஓர் எண் தென்பட்டால் அங்கேயே நின்று பாருங்கள்: 65533 என்றால் பைட் உடைந்திருக்கிறது, 8204, 8205 என்றால் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள், 65279 என்றால் கோப்பின் தொடக்கக் குறி உள்ளே நுழைந்துவிட்டது, 160 என்றால் சாதாரண இடைவெளி போலத் தெரியும் வேறொரு இடைவெளி.

இதே சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து எண், அந்த எண்களைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 15 பைட். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் நீளம் 5 என்கின்றன. கோ மொழியின் ‘லென்’, பிஎச்பியின் ‘ஸ்ட்ர்லென்’ இரண்டும் 15 என்கின்றன. ஸ்விஃப்டின் ‘கவுன்ட்’ 3 என்கிறது. யாரும் தப்பாகச் சொல்லவில்லை, ஒவ்வொன்றும் எண்ணும் பொருள் வேறு. கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்த மூன்று எண்ணிக்கையைக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

உதவி கேட்கும்போது அனுப்ப வேண்டியவை: உடையும் மிகச் சிறிய சொல், அதன் எண் வரிசை, எந்த நிலை வரை சரியாக இருந்தது என்ற குறிப்பு, மொழி மற்றும் நூலகத்தின் பதிப்பு எண். சொல்லைச் சாட்டில் தட்டிக் காட்டினால் போதாது. உங்கள் கீபோர்டு ‘கொ’வை இரண்டு எண்ணாகத் தரும், உதவ வந்தவருடையது மூன்றாகத் தரலாம், அவர் ‘எனக்கு ஓடுதே’ என்பார், இருவருமே உண்மையைத்தான் சொல்வீர்கள். எந்த நிலை என்று காண, ஃபாரத்திலிருந்து சர்வருக்கு வந்ததும் ஒருமுறை, டேட்டாபேஸில் எழுதுமுன் ஒருமுறை, திரும்பப் படித்ததும் ஒருமுறை எண்களை லாகில் எழுதுங்கள். எந்த இரண்டு லாகுக்கு நடுவில் எண் மாறுகிறதோ அங்கேதான் கோளாறு.

வெறும் கேள்விக்குறிகள்

தமிழ் இடம்பெறாத குறியாக்கத்துக்கு (எழுத்தைப் பைட்டாக மாற்றும் அட்டவணை) உரையை யாரோ மாற்றியிருக்கிறார்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் தமிழ் இருக்கும் பத்தியை (டேபிளின் நெடுவரிசை) ‘ஹெக்ஸ்’ செயற்கூறால் படித்துப் பாருங்கள், பைட்டுகளை அப்படியே காட்டும். 3எஃப், 3எஃப் என்று வரிசையாக வந்தால் சேமித்ததே கேள்விக்குறிதான். தரவு போனது போனதுதான், மூலத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். ஈ0 ஏஈ என்று தொடங்கினால் தரவு பத்திரமாக இருக்கிறது, படிக்கும் கனெக்‌ஷனின் குறியாக்கம்தான் தவறு. கனெக்‌ஷன், டேபிள், பத்தி மூன்றையும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான் தரும். வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு அது போதும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஒருவர் பெயருக்குப் பின்னால் எமோஜி போட்ட அன்றைக்கு ‘இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ’ என்று விழும்.

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் கதை வேறு. பத்தி ‘என்வார்கேர்’ வகையாக இருந்தும் கேள்விக்குறி வந்தால், வினவலில் மேற்கோளுக்கு முன்னால் ‘என்’ என்ற எழுத்து விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் மேற்கோளுக்குள் இருப்பது முதலில் சாதாரண ‘வார்கேர்’ ஆகிவிடும், தமிழ் அங்கேயே தொலையும். பாராமீட்டர் வைத்து அனுப்பினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. எப்படியும் அப்படித்தான் அனுப்ப வேண்டும்.

தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும்

இந்த இரண்டும் மாறி மாறி வந்தால் சந்தேகமே வேண்டாம். யூடிஎஃப்-8 வடிவில் முதன்மைப் பகுதித் தமிழெழுத்து எல்லாம் 224, 174 அல்லது 224, 175 என்ற இரு பைட்டில்தான் தொடங்கும். அவற்றை விண்டோஸ்-1252 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கம்) என்று நினைத்துப் படித்தால் 224 அந்த ‘ஏ’ ஆகும், 174 பதிவுக்குறி ஆகும். எக்செல்லில் சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது வருவது இதுதான். கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட் இருந்தால் எக்செல் புரிந்துகொள்ளும். பைத்தானில் எழுதும்போது குறியாக்கத்தை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் போதும். அதே கோப்பைத் திரும்பப் படிக்கும்போதும் ‘சிக்’ சேர்க்க வேண்டும். இல்லையென்றால் முதல் பத்தியின் தலைப்போடு 65279 ஒட்டிக்கொண்டு, கண்ணெதிரே இருக்கும் பத்தியை ‘கீ எரர்’ என்று சொல்லும்.

இந்தக் குப்பை டேட்டாபேஸுக்குள்ளேயே போய்விட்டதென்றால் திருப்பி எடுக்கலாம்: விண்டோஸ்-1252 ஆக என்கோட் செய்து, யூடிஎஃப்-8 ஆக டிகோட் செய்ய வேண்டும். ஆனால் பைத்தானில் இது பாதியில் நின்றுவிடும். புள்ளியின் மூன்றாவது பைட் 141, உகரக் குறியின் மூன்றாவது பைட் 129, ‘ஏ’யினுடையது 143, ‘ஐ’யினுடையது 144. இந்த நான்குக்கும் விண்டோஸ்-1252 அட்டவணையில் எழுத்தே கிடையாது. பிரவுசர்களும் மைஎஸ்க்யூஎல்லும் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளாக அப்படியே வைத்திருக்கும். பைத்தானோ ஏற்க மறுக்கும். ‘எஃப்டிஎஃப்ஒய்’ என்ற பைத்தான் நூலகம் இந்த ஓட்டைகளையும் சேர்த்துக் கணக்கில் கொள்வது, அதைப் பயன்படுத்துங்கள். நடுவில் யாராவது எடிட்டரில் திறந்து அந்தக் குறிகளைத் துடைத்திருந்தால் புள்ளியும் உகரமும் நிரந்தரமாகப் போய்விட்டன என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டங்கள், இடம் மாறிய கொம்பு

கட்டம் கட்டமாக வந்தால் ஃபான்ட் இல்லை, அவ்வளவே. லினக்ஸ் சர்வரிலும் சிறிய டாக்கர் இமேஜ்களிலும் தமிழ் ஃபான்ட் இருக்காது. ‘எஃப்சி-லிஸ்ட்’ கட்டளையில் மொழியை ‘டிஏ’ (தமிழின் மொழிக்குறி) என்று கொடுத்து வெற்றாக வந்தால் நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவுங்கள்.

ஃபான்ட் இருந்தும் ‘கெ’யில் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் நின்றால் எழுத்தைக் கோக்கும் பொறி வேலை செய்யவில்லை. யூனிகோடில் ‘க’ முன்னால், கொம்பு பின்னால். வரையும்போது இடம் மாற்றுவது ஹார்ஃப்பஸ் போன்ற பொறியின் வேலை. படத்தில் எழுதும் பில்லோ என்ற பைத்தான் நூலகம், ‘ராக்ம்’ என்ற துணை நூலகம் இருந்தால் மட்டும் இதைச் செய்யும். அதன் ‘ஃபீச்சர்ஸ்’ தொகுதியில் ராக்ம் இருக்கிறதா என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். பிடிஎஃப் செய்ய எஃப்பிடிஎஃப்2 என்ற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்தினால் ‘டெக்ஸ்ட் ஷேப்பிங்’ அமைப்பை நீங்களே இயக்க வேண்டும். இன்வாய்ஸ், சான்றிதழ் போன்றவற்றுக்கு எச்டிஎம்எல்லாக எழுதி, திரையில்லா குரோமிலோ வீசிபிரின்ட்டிலோ பிடிஎஃப் ஆக்குவதுதான் தொல்லை குறைந்த வழி. இரண்டிலும் கோக்கும் பொறி உள்ளேயே இருக்கிறது.

புள்ளி வட்டமும் கறுப்பு வைரமும்

புள்ளிகளால் ஆன வட்டத்தின் மேல் ஒரு கால் அல்லது கொக்கி தொங்கினால், மெய்யில்லாமல் குறி மட்டும் அநாதையாக நிற்கிறது என்று பொருள். ஸ்ட்ரிங்கை நடுவில் வெட்டியிருப்பீர்கள். அல்லது தட்டச்சு போல ஓர் எழுத்தாக வரும் அனிமேஷனுக்காக ஒவ்வோர் எண்ணையும் தனி ‘ஸ்பான்’ உறுப்பில் போட்டிருப்பீர்கள். பழைய ஃபான்ட் குறியாக்கங்களிலிருந்து மாற்றிய உரையில் கொம்பு மெய்க்கு முன்னாலேயே தங்கிவிட்டாலும் இப்படி வரும். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால் இன்னும் ஒரு படி கீழே, பைட்டுக்கு நடுவில் வெட்டு விழுந்திருக்கிறது. பிஎச்பியின் ‘சப்ஸ்டர்’ செய்யும் வேலை.

வட்டமும் வைரமும் வந்தால் அதிர்ஷ்டம் என்பேன், தப்பு உடனே தெரிகிறதே. ‘பல்’ என்ற சொல்லை இரண்டு எண்ணோடு வெட்டினால் ‘பல’ என்று நிற்கும். எந்த எச்சரிக்கையும் வராது, பொருள் மட்டும் மாறிவிடும். அதனால் யூனிகோட் எண்ணை எண்ணி வெட்டும் ‘எம்பி-சப்ஸ்டர்’ போதாது, முழு எழுத்தாக வெட்டும் கருவி வேண்டும். பிஎச்பியில் ‘கிராஃபீம்-சப்ஸ்டர்’, பைத்தானில் ‘ரீஜெக்ஸ்’ நூலகத்தின் பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ், ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டில்.செக்மென்டர்’. கடைசியாகச் சொன்னது ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல் வந்த 125-ஆம் பதிப்பு முதல்தான் உண்டு. இவை ‘க்ஷ’வையும் ‘ஸ்ரீ’யையும் இரண்டிரண்டாகவே பிரிக்கும், யூனிகோட் விதி அப்படி. சொல் விளையாட்டுப் போன்ற ஆப் எழுதினால் இந்த இரண்டுக்கும் தனி விதி நீங்களே சேர்க்க வேண்டும்.

பார்க்க ஒன்று, தேடினால் இல்லை

‘கொ’ இரண்டு எண்ணாகவும் இருக்கலாம் (2965, 3018), மூன்றாகவும் இருக்கலாம் (2965, 3014, 3006). பழைய மேக் கோப்பு முறைமை பெயர்களை மூன்றாகப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த கோப்பை ‘இல்லை’ என்று நிரல் சொல்வது இதனால்தான். உள்ளே வரும் எல்லா உரையையும், தேடுபெட்டியில் வருவதையும் சேர்த்து, என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுங்கள். பைத்தானில் ‘யூனிகோட்டேட்டா’, ஜாவாஸ்கிரிப்டில் ‘நார்மலைஸ்’, போஸ்ட்கிரெஸில் 13-ஆம் பதிப்பு முதல் அதே பெயரில் செயற்கூறு உண்டு.

என்எஃப்சி தீர்க்காத இரண்டு: ‘ஸ்ரீ’யின் முதலெழுத்து 3000 ஆகவும் இருக்கலாம், 2998 ஆகவும் இருக்கலாம்; பல ஃபான்ட்களில் உருவம் ஒன்றுதான். அடுத்து, ‘கௌரி’யை ‘கெ’, ‘ள’, ‘ரி’ என்று அடிப்பவர்கள். கொம்பும் ‘ள’வும் சேர்ந்த இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றினால் ‘வெள்ளி’யும் ‘வெளி’யும் நாசமாகும். ‘ள’வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றுங்கள், அதன் பிறகும் மாறிய சொற்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஃபாரத்தில் தட்டிய பெயரில் எழுத்து மட்டும் இருக்கிறதா என்று சோதிப்பதிலும் இதே வகைக் குழி உண்டு. பைத்தானின் ‘ஆர்இ’ நூலகத்தில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. ‘தமிழ்’ என்பதைத் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக்கும். ‘இஸ்ஆல்ஃபா’வும் ‘இல்லை’ என்றே சொல்லும். ‘ரீஜெக்ஸ்’ நூலகத்துக்கு மாறுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ‘யூ’ கொடியோடு எழுத்து வகையையும் மார்க் வகையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

தளங்களின் வரம்புகள்

எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் மட்டும் என்றால் 160 குறி, ஒரே ஒரு தமிழெழுத்து நுழைந்தாலும் முழுச் செய்திக்கும் 70. அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. புள்ளியும் கொக்கியும் தனித்தனியாக எண்ணப்படும், ஆகவே பில்லைக் கணிக்க எண்களைத்தான் எண்ண வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்புப் பெயருக்கு 255 பைட் தரும். தமிழில் அது 85 எண்தான். விண்டோஸில் 255 எண் வரை போகும் என்பதால், அங்கே சேமித்த நீளமான தலைப்பு சர்வரில் ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று விழும். வேர்ட்பிரஸ், தலைப்பிலிருந்து உருவாக்கும் இணைய முகவரித் துண்டுக்கு 200 இடம் ஒதுக்கியிருக்கிறது. சதவிகிதக் குறியோடு எழுதும்போது ஓர் எண்ணுக்கு 9 இடம் பிடிப்பதால் 22 எண்ணில் தலைப்பு வெட்டுப்படும். முகவரியைக் கையால் சுருக்கி எழுதுவதே நல்லது. ஆரக்கிளில் ‘வார்கேர்2’ அளவு இயல்பாகப் பைட்டில் எண்ணப்படும். 30 என்று போட்டுவிட்டு 10 எண்ணோடு நின்றுவிட்டதே என்று திகைக்காமல், அளவோடு ‘கேர்’ என்று சேர்த்து எழுதுங்கள்.

அகர வரிசைக்காகச் சொற்களை யூனிகோட் எண்படி அடுக்கினால் ‘ன’ முன்னால் வந்து ‘ப’வுக்கு முந்தும், ‘க்’ போய்க் ‘கௌ’வுக்குப் பின் நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டில்.கொலேட்டர்’ செயற்கூறுக்கு ‘டிஏ’ கொடுத்தால் வரிசை சரியாகும். ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட் மென்பொருளின் 13-க்கு முந்தைய பதிப்புகளில் ஆங்கில விதிகள் மட்டுமே உள்ளடங்கியிருந்ததால், பழைய சர்வரில் பிழை காட்டாமலே வேறு வரிசை தரும். பதிப்பைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.