கொல்லையில் ஆறுமணிக்குருவி: இரக்கப்பட்டுச் செய்யும் தவறுகள்

புரட்டாசி பாதியிலிருந்து கார்த்திகை வரை தமிழ்நாட்டு வீட்டுக் கொல்லைகளில், கிணற்றடியில், சில சமயம் அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டில்கூட, அந்த வீட்டார் அதுவரை பார்த்திராத ஒரு பறவை வந்து நிற்கும். முதுகு பச்சை, தோளில் பளீரென்ற நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டி மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. வால் மட்டும் யாரோ கத்தரித்து விட்டதுபோல் குட்டை. அதுதான் ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன், பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள். காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் வந்த பெயர்.

பார்த்தவுடன் "வெளிநாட்டுப் பறவை" என்று சொல்லிவிடுவது முதல் தவறு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்க வரும் பறவை இது. இரவில் பறக்கும்; விடியும் நேரத்தில் எங்கே இறங்க முடிகிறதோ அங்கே இறங்கிவிடும். அப்படிக் களைத்து இறங்கிய பறவைக்குப் பூனையாலும் கண்ணாடியாலும் வரும் ஆபத்து ஒருபுறம் இருக்க, நம் இரக்கத்தால் வரும் ஆபத்தும் குறைவில்லை.

தரையில் நின்றால் அடிபட்டது என்று அர்த்தமில்லை

இது தரையில் இரை தேடும் பறவை. சருகைக் கிளறி, புழுவும் பூச்சியும் எடுத்துத் தின்னும். நடப்பதைவிடத் தத்துவதுதான் அதிகம். ஆள் வந்தால் எழுந்து பறக்காமல் நாலு தத்துத் தத்திச் செடிக்குப் பின்னால் நிற்கும். "பறக்க முடியவில்லை பாவம்" என்று துரத்திப் பிடிப்பவர்கள், இரவெல்லாம் பறந்துவந்த உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பையும் தீர்த்துவிடுகிறார்கள். ஒரு இறக்கை மட்டும் தொங்குகிறதா, இரத்தம் தெரிகிறதா, கண்ணை மூடியபடி ஒருபக்கமாகச் சாய்கிறதா, பக்கத்தில் போனாலும் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் எதுவும் இல்லையென்றால் நாயைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவதே உதவி.

பாலும் சோறும் பிடிவாதமும்

அரிசி, பருக்கை, ரொட்டி, பால் எதுவும் பூச்சி தின்னும் பறவைக்கு ஆகாது. அதைவிட மோசமானது, அலகைப் பிரித்து வாயில் தண்ணீர் விடுவது. பறவையின் நாக்கு தொடங்கும் இடத்துக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. மயங்கிய பறவையின் வாயில் விடும் ஒரு சொட்டு நுரையீரலுக்குப் போகலாம். அடிபட்டுப் பிழைத்த பறவை தண்ணீரால் சாகும். வேண்டுமானால் கொல்லையில் ஒரு மண்தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். வேண்டியபோது அதுவே குடித்துக்கொள்ளும். தட்டைப் புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்க இடமாகிவிடும். ஏழெட்டு அடி தள்ளி வைக்க வேண்டும். தினமும் மாற்றாத தண்ணீரில் கொசுதான் வளரும்.

கண்ணாடியில் மோதி விழுந்தால்

இப்போது தொடத்தான் வேண்டும், ஆனால் தொடும் விதம் முக்கியம். கையில் ஏந்தி முகத்துக்கு நேரே வைத்துத் தடவிக் கொடுப்பதை அது ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை. தன்னை ஏதோ பிடித்துவிட்டது என்றே நடுங்கும்.

முதலில் பெட்டியைத் தயார் செய்யுங்கள். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி போதும். பறவையை வைப்பதற்கு முன்பே பக்கங்களில் எட்டுப் பத்துத் துளை போட்டு, அடியில் பழைய பருத்தித் துணி விரியுங்கள். நூல் பிரிந்த துண்டு வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும். பிறகு மெல்லிய துணியைப் பறவையின்மேல் போட்டு, இறக்கைகள் மடிந்திருக்கும்படி அள்ளி எடுங்கள். நெஞ்சை அழுத்தக் கூடாது. நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் பறவைக்கு இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. பயந்து இறுக்கிப் பிடித்தால் கையிலேயே மூச்சு முட்டிப் போகும்.

பெட்டியை மூடி, மின்விசிறியும் ஏசியும் வெயிலும் படாத அமைதியான இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். உள்ளே தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம். தட்டிவிட்டு நனைந்து குளிரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கவும் கூடாது. அந்த இருட்டுதான் அதற்கு மருந்து. கம்பிக்கூண்டில் வைத்தால் படபடத்து இறகை ஒடித்துக்கொள்ளும்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியை வெளியே கொண்டுபோய், செடிகள் உள்ள இடத்தில் தரையில் வைத்துத் திறந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மேலே தூக்கி எறிந்து "பறக்கவைப்பது" வேண்டாம். போகவில்லையென்றால் மறுபடி மூடி இன்னொரு மணி நேரம். அதன்பிறகும் இல்லையென்றால் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லும் கட்டம் வந்துவிட்டது. இருட்டிய பின் மோதிய பறவையை விடியும்வரை பெட்டியிலேயே வைத்திருக்கலாம்.

பூனை கவ்விய பறவைக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. வெளியே காயம் தெரியாவிட்டாலும் பூனையின் எச்சிலில் உள்ள கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பறவை வீட்டுக்குள் வந்துவிட்டால் துடைப்பத்தைத் தேடாதீர்கள். முதலில் மின்விசிறியை அணையுங்கள். நம் வீடுகளில் உள்ளே வந்த பறவைக்கு அதுதான் பெரிய எமன். பிறகு உள்கதவுகளைச் சாத்தி, விளக்கணைத்து, ஒரே ஒரு சன்னலை முழுக்கத் திறந்து, மற்றவற்றுக்குத் திரை போட்டுவிட்டு வெளியே வாருங்கள். வெளிச்சம் இருக்கும் வழியே போய்விடும்.

மீண்டும் மோதாமல் இருக்கக் கண்ணாடியில் ஒரு பருந்துப் படம் ஒட்டினால் போதாது. அதைத் தவிர்த்துப் பக்கத்து இடைவெளியில் வந்து மோதும். இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ வேண்டும், அதுவும் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில். வலசைக் காலத்தில் இரவு முழுக்க எரியும் மொட்டைமாடி விளக்கை அணைப்பது இன்னும் எளிது.

ஒலிபெருக்கியும் ஒளிப்படமும்

கைபேசியில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பது இப்போது பரவியிருக்கும் கெட்ட பழக்கம். தன் இடத்துக்கு வேறொரு பறவை போட்டிக்கு வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடும் நேரத்தை அது சண்டைக்குச் செலவிடும். படம் எடுங்கள், ஃபிளாஷ் இல்லாமல், சன்னலுக்குள்ளிருந்து. தெருப்பெயரோடு அதைப் பொதுவில் போட்டால் மறுநாள் வாசலில் கேமராக் கூட்டம் நிற்கும்.

ஆறுமணிக்குருவி அல்லாத இரண்டு விருந்தாளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் காக்கைகள் துரத்த, வெள்ளை முகத்தோடு சன்னல் மேடையில் ஒடுங்கியிருப்பது கூகை. "அரிய வகை வெளிநாட்டு ஆந்தை" என்று செய்தியில் வரும் பறவைகளில் பல, எலி பிடித்து நம் ஊரிலேயே வாழும் இந்தக் கூகைதான். அபசகுனம் என்று கல்லெறியாமல் இருட்டும்வரை விட்டால் தானே போய்விடும். மாறாக, காலில் வளையத்தோடு தோளில் வந்து உட்காரும் காக்கட்டீலோ லவ்பேர்டோ யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பியது. அதை மட்டும் பிடித்துச் சொந்தக்காரரைத் தேடலாம். காட்டுப் பறவையைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "குணமாகும்வரை" என்ற சாக்கும் செல்லாது.

கூட்டிப் பெருக்கும் தவறு

ஓரிரு நாள் இளைப்பாறிவிட்டுப் போகும் ஆறுமணிக்குருவியும் உண்டு, இடம் பிடித்துப்போய் பங்குனி வரை தங்குவதும் உண்டு. அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சருகுதான். மாமரத்தடியையும் வேலியோரத்தையும் தினம் சுத்தமாகக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிற வீட்டில் மண் காய்ந்து புழு பூச்சி கீழே போய்விடும். பறவைக்குக் கிளற ஒன்றுமிருக்காது. முற்றத்தைத் தாராளமாகப் பெருக்குங்கள். மர நிழலில் ஒரு மூலையை மட்டும், பாய் விரிக்கும் அளவு இடத்தை, நாலு விரற்கடை சருகோடு விட்டுவிட்டு, காய்ந்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். அங்கே பூச்சிமருந்து வேண்டாம். வந்திருக்கும் பறவை வெயிலேறும் முன் அந்த மூலையில்தான் இலையைப் புரட்டிக்கொண்டிருக்கும்.