பழைய மைக்ரோமீட்டரை அடையாளம் காணும் முறை

பழைய இரும்புக் கடையிலோ மூடிய பட்டறையின் சாமான்களுக்கிடையிலோ கிடைத்த மைக்ரோமீட்டரை எடுத்தவுடன் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவி என்று நாம் பயன்படுத்திய கருவியின் பட்டறை வடிவம் இது. இதன் வரலாறு முழுவதும் மயிரிழை ஆழத்தில் பொறித்த எழுத்துகளில்தான் இருக்கிறது, தேய்ந்துபோனால் அவை மீளாது. மண்ணெண்ணெயில் நனைத்த பருத்தித் துணியால் அழுக்கை ஒற்றியெடுத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, சட்டம் (வளைந்த உடல்), ஸ்லீவ் (அளவுக்கோடுகள் கொண்ட நிலையான குழல்), திம்பிள் (அதன் மேல் சுழலும் உருளை) ஆகிய மூன்றையும் உருப்பெருக்கியால் சுற்றிலும் படிக்க வேண்டும்.

அடுத்து அளவுமுறையைப் பார்க்க வேண்டும். திம்பிளில் 25 பிரிவுகள் இருந்தால் அது பெரும்பாலும் அங்குலக் கருவி: திருகில் அங்குலத்துக்கு 40 புரிகள் என்பதால் ஒரு சுற்றுக்கு 0.025 அங்குலம் நகரும், மீச்சிற்றளவு 0.001 அங்குலம். 50 பிரிவுகளும் 0.5 மி.மீ. புரியிடைத் தூரமும் இருந்தால் மெட்ரிக். ஸ்லீவின் மேல் நீளவாக்கில் நெருக்கமான கோடுகள் தனியே இருந்தால் அது வெர்னியர், அதாவது திம்பிளின் ஒரு பிரிவையும் பகுத்துப் படிக்க உதவும் துணை அளவுகோல். அங்குலக் கருவியில் அதைக் கொண்டு 0.0001 அங்குலம் வரை படிக்கலாம்.

தயாரிப்பாளரைக் கண்டறிய ஊர்ப்பெயர் பெரிதும் உதவும். பாரிஸைச் சேர்ந்த ழான் லோரான் பால்மர் 1848இல் காப்புரிமை பெற்ற திருகு அளவியை 1867ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் கண்ட அமெரிக்கக் கருவித் தயாரிப்பாளர்கள் பிரவுனும் ஷார்ப்பும், மறு ஆண்டே தகட்டின் தடிமனை அளக்கும் சிறு கருவியை அமெரிக்காவில் வெளியிட்டார்கள். ஆகவே அவர்களது நிறுவனம் இருந்த பிராவிடன்ஸ் என்ற ஊர்ப்பெயர் தெரிந்தால் பிரவுன் அண்ட் ஷார்ப்பை முதலில் நினைக்கலாம். ஆனால் ஸ்லோகம் நிறுவனமும் அதே ஊர்தான் என்பதால் பெயரை முழுவதும் படிக்காமல் முடிவு செய்யக் கூடாது. அமெரிக்க ஊரான ஆதால் என்றிருந்தால் ஸ்டாரெட், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்றிருந்தால் மூர் அண்ட் ரைட் ஆகிய நிறுவனங்களின் கருவிகளோடு ஒப்பிடலாம். அகன்ற அம்புக்குறி தெரிந்தால், அது பிரிட்டிஷ் அரசின் உடைமையாக இருந்த கருவி.

வயதைக் கணிக்கும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். பொறித்திருக்கும் காப்புரிமைத் தேதி அந்தக் கண்டுபிடிப்புக்கு உரியதே தவிர, கையிலுள்ள கருவி தயாரான நாளைக் குறிப்பதன்று. அந்தத் தேதிக்கு முன் அது தயாராகியிருக்க முடியாது என்பதை மட்டும் உறுதியாகக் கொள்ளலாம். அன்றைய அமெரிக்கக் காப்புரிமை 17 ஆண்டுகள் செல்லுபடியானதால், அதற்குள் தயாராகியிருக்கும் என்று ஊகிக்க இடமுண்டு. எனினும் காலாவதியான பின்னும் தேதி பொறிக்கும் பழைய அச்சையே பயன்படுத்தியிருக்கக்கூடும். பல தேதிகள் இருந்தால் கடைசித் தேதியையே கணக்கில் எடுக்க வேண்டும். அளவிடும் இரு முகங்களிலும் வேறு நிறத்தில் வட்ட வில்லை பதிந்திருந்தால் அது தேய்மானத்தைத் தாங்கும் கடினப் பொருளான கார்பைடாக இருக்கலாம். டங்ஸ்டன் கார்பைடு 1920களின் பிற்பகுதியில்தான் விற்பனைக்கு வந்தது என்பதால், அத்தகைய கருவியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டினது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பெட்டியோடு கிடைத்தால் அதன் மேலுள்ள மாதிரி எண்ணைச் சட்டத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும்; பட்டறைகளில் பெட்டிகள் எளிதில் மாறிவிடும் என்பதால், இரண்டும் முரண்பட்டால் சட்டத்திலுள்ள எண்ணையே ஏற்க வேண்டும்.