வர்க்கமூலத்தைத் தோராயமாகச் சொன்னால், பிழை எவ்வளவுக்குள் என்றும் சொல்லிவிடுங்கள்

கால்குலேட்டர் இல்லாமல் ஒரு எண்ணின் வர்க்கமூலம் வேண்டுமா? ஒரு மதிப்பை ஊகித்து, அந்த எண்ணை அந்த ஊகத்தாலேயே வகுத்துப் பாருங்கள், ஊகமும் ஈவும் சேர்ந்து உண்மையான விடையை நடுவில் பிடித்துக்கொள்ளும்.

√50க்கு 7 என்று ஊகிக்கிறோம். 50/7 என்பது 7.142 சொச்சம், இதை 7.15 என்று மேல்நோக்கி முழுமையாக்கினால் 7 < √50 < 7.15. இப்போது நடுப்புள்ளியான 7.075ஐ விடையாகச் சொல்லிவிட்டு, |√50 − 7.075| < 0.075 என்று தைரியமாக எழுதலாம். "ஏறக்குறைய 7" என்று மொட்டையாக எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் படிப்பவருக்கு எதுவரை நம்பலாம் என்பது தெரிந்துவிடுகிறது.

காரணம் எளிது: ஊகமும் ஈவும் பெருக்கினால் 50 வர வேண்டும், ஆகவே ஒன்று √50ஐவிடச் சிறிதாக இருந்தால் மற்றது பெரிதாக இருந்தே ஆக வேண்டும். இடைவெளி அகலமாகத் தோன்றினால் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் 7.07ஐ எடுத்து இன்னொரு முறை வகுங்கள், 7.07 < √50 < 7.0722 என்று சட்டெனச் சுருங்கிவிடும்.

முழுமையாக்கும்போது மட்டும் கவனம். கீழ் எல்லையைக் கீழேயும் மேல் எல்லையை மேலேயும்தான் தள்ள வேண்டும், மாற்றித் தள்ளினால் அசமன்பாடே பொய்யாகிவிடலாம்.

கனமூலத்துக்கு இது அப்படியே பொருந்தாது, அங்கே ஊகத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அப்புறம், அந்த 50 என்பதே அளந்து எடுத்த தோராயமான எண் என்றால் இந்த எல்லைகள் போதாது, அளவீட்டின் பிழையையும் சேர்த்தாக வேண்டும்.